நாலாம் நம்பர் மைக்

சவுண்டுக்காரருக்குத் தன் காதைப் பற்றிக் கொஞ்சம் தலைக்கனம் உண்டு. அதை முதலிலேயே சொல்லிவிட வேண்டும், இல்லாவிட்டால் பின்னால் நடந்தது புரியாது. பக்கத்து வீட்டுக் குழாய் சொட்டினால் இவர் எழுந்து உட்கார்ந்துகொள்வார். போனில் யாராவது இருமினால், "நேத்தைக்கு இன்னைக்குச் சளி கம்மியாயிருக்கே" என்பார். அப்படி ஒரு காது. அதை வைத்துத்தான் பதினெட்டு வருஷமாகப் பிழைப்பு ஓடுகிறது. கடைசி ஒன்பது வருஷம் இந்தக் கால்பந்து மைதானத்தில்.

வேலை இதுதான். மைதானத்தைச் சுற்றி எட்டு மைக். மேல்மாடியில் கண்ணாடி ஜன்னல் வைத்த ஒரு சின்ன அறை. அறையில் ஒரு மேசை, மேசையில் மைக்குக்கு ஒன்றாக எட்டு ஃபேடர். மேலே தள்ளினால் அந்த மைக்கின் சத்தம் தொலைக்காட்சி வழியாக வீடுகளுக்குப் போகும், கீழே இழுத்தால் போகாது. பந்து உதைபடும் ஓசை, நடுவரின் விசில், கூட்டத்தின் இரைச்சல் எல்லாவற்றையும் பதமாகக் கலந்து அனுப்ப வேண்டும். கேட்க லேசாக இருக்கும், உட்கார்ந்து பார்த்தால் தெரியும்.

வடக்குக் கோலுக்குப் பின்னால் விளம்பரப் பலகையின் காலில் கட்டியிருப்பது நாலாம் நம்பர். அதற்குக் கைக்கெட்டும் தூரத்தில் கம்பித் தடுப்பு, தடுப்புக்கு அந்தப் பக்கம் முதல் வரிசை. அந்த வரிசையில் அவர் மனைவிக்கு ஓர் இடம். வேலை செய்கிறவர்களுக்குக் கொடுக்கும் இலவசப் பாஸ்தான். கால்பந்தென்றால் அவளுக்கு உயிர். இவரோ சத்தத்தைத் தவிர ஆட்டத்தில் எதையும் கவனிக்கிற ஆள் இல்லை.

அவர்களுக்குள் ஒரு வழக்கம் இருந்தது. ஆட்டம் தொடங்க ஐந்து நிமிஷம் இருக்கும்போது, ஒளிபரப்பு இன்னும் மைதானத்துக்கு வராத நேரத்தில், அவள் கம்பிமேல் குனிந்து நாலாம் நம்பரிடம், "என்னங்க, கேக்குதா?" என்பாள். இவர் மேலே மேசை விளக்கை இரண்டு தடவை அணைத்துப் போடுவார். கேட்டது என்று அர்த்தம். சில நாள், "வெங்காயம் தீந்துபோச்சு" என்பாள். சில நாள், "சட்டைய மாத்திப் போட்டுட்டுப் போயிருக்கீங்க, பித்தான் பாருங்க" என்பாள். இவர் தனியாகச் சிரித்துக்கொள்வார். முப்பதாயிரம் பேர் கத்துகிற இடத்தில் தனக்கென்று ஒரு குரல் வருகிறதே என்று மனசு குளிர்ந்துவிடும்.

அவள் ஒரு பரிசோதனைக் கூடத்தில் ரத்தம் எடுக்கிறவள். சும்மா சொல்லக் கூடாது, ஊசி போனதே தெரியாது. அழுகிற குழந்தைகள்கூட அவளிடம் கையை நீட்டிவிடும்.

இனி குப்பைக்கு வருவோம். கூட்டம் என்றால் கண்டபடி கத்தத்தான் செய்யும், நடுவரின் அம்மாவை இழுக்காத ஆட்டம் உண்டா? ஆனால் சில கத்தல் வேறு ரகம். வெளிநாட்டிலிருந்து வந்த கறுப்பு ஆட்டக்காரர் பந்தைத் தொட்டால் குரங்கு மாதிரிக் குரல் கொடுப்பது. 'உன் ஊருக்கே ஓடு' என்று ஊளையிடுவது. இதற்கு அந்த அறையில் 'குப்பை' என்று பெயர். "நாலுல குப்பை, எடு" என்று ஒளிபரப்பை நடத்தும் டைரக்டரின் குரல் காதில் வரும். அவர் சொல்லி முடிப்பதற்குள் இவர் விரல் நாலாம் ஃபேடரை இறக்கியிருக்கும். இறக்கினால் சத்தத்தில் ஓட்டை விழும் அல்லவா? அதை அடைக்க ஆறாம் நம்பரைக் கொஞ்சம் ஏற்றுவார். ஆறாம் நம்பர் குடும்பங்கள் உட்காரும் பக்கம். அங்கே எப்போதும் யாராவது கை தட்டிக்கொண்டே இருப்பார்கள்.

இறக்கிவிட்டால் அவர் காதிலும் அது விழாது, வீடுகளுக்குப் போவதுதான் அவருக்கும் வரும். ஒன்பது வருஷத்தில் ஒரு துளிக் குப்பை வெளியே போனதில்லை. "நம்ம ஆளு கை பட்டா சாக்கடையும் சந்தனமாயிடும்" என்று டைரக்டர் ஊரெல்லாம் சொல்வார். இவரும் வீட்டில் வந்து பெருமையாகச் சொல்வார். மனைவி கேட்டுக்கொள்வாள்.

அந்த ஞாயிற்றுக்கிழமை மத்தியான ஆட்டத்தில் எழுபத்தோராம் நிமிஷம் வரை எல்லாம் ஒழுங்காகத்தான் போனது.

பதினேழு என்று ஒரு பையன். அவன் சட்டை எண் அது. பெற்றவர்கள் வைத்த பெயர் ஒருவர் வாயிலும் ஒழுங்காக நுழையாததால் ஊரே அவனைப் பதினேழு என்றுதான் கூப்பிட்டது. கடல் தாண்டி வந்தவன், இருபத்திரண்டு வயசு, இந்த மைதானத்துக் கிளப்புக்குத் தடுப்பாட்டக்காரன். வந்த ஒரு வருஷத்தில் மொழியைக்கூடப் பிடித்துக்கொண்டான். கிளப்பின் உடல் பரிசோதனைக்கு அவனிடம் ரத்தம் எடுத்தவள் சவுண்டுக்காரரின் மனைவிதான். "மலை மாதிரி இருக்கான், ஊசியப் பாத்ததும் கண்ணை இறுக்கி மூடிக்கிட்டான்! முடிஞ்சதும் நாலு தடவை தாங்ஸ் சொல்லிட்டுப் போறான்" என்று வந்து சிரித்தாள். அடுத்த வாரமே பதினேழு எண் போட்ட சட்டை ஒன்று வாங்கினாள். ஞாயிற்றுக்கிழமையும் அதைத்தான் போட்டுக்கொண்டு வந்திருந்தாள்.

எழுபத்தோராம் நிமிஷத்தில் பதினேழு பந்தைத் தன் கோல்காரனுக்குத் திருப்பித் தட்டினான். தட்டியதில் வேகம் இல்லை. எதிரணிக்காரன் குறுக்கே பாய்ந்தான், கோல். மைதானம் ஒரு நொடி பேச்சு மூச்சில்லாமல் கிடந்தது. அப்புறம் நாலாம் நம்பரில் குப்பை வந்தது. இரண்டு நொடி இருக்குமா, அதுகூட இருக்காது, முதல் 'ஊ' முழுசாக வருவதற்குள் சவுண்டுக்காரரின் விரல் ஃபேடரை இறக்கியது, இன்னொரு விரல் ஆறாம் நம்பரை ஏற்றியது. சத்தம் பாலில் தண்ணீர் கலந்த மாதிரி தடயமே இல்லாமல் சேர்ந்துகொண்டது. "சபாஷ்" என்றார் டைரக்டர்.

திரையில் பதினேழு அசையாமல் நின்றுகொண்டிருந்தான். கோலுக்குப் பின்னால் இருந்த வரிசையையே பார்த்தான். முகத்தில் கோபம் இல்லை, அதுதான் வேடிக்கை. கதவு தட்டாமல் உள்ளே வந்த ஆளைப் பார்க்கிற மாதிரி ஒரு திகைப்பு. பிறகு நடுவரிடம் போய்க் காதைத் தொட்டுக் காட்டினான். அப்போது தூரத்தில் நின்றிருந்த நடுவர் தனக்குக் கேட்கவில்லை என்று கையை விரித்தார். பதினேழு பந்தை எடுத்துக் கக்கத்தில் வைத்துக்கொண்டு மைதானத்தை விட்டு நடந்தான். சிவப்பு அட்டை. வீடுகளில் ஆட்டம் பார்த்தவர்களுக்குக் கேட்டதெல்லாம் கைதட்டல்தான்.

மறுநாள் காலையில் விஷயம் எங்கும் பரவிவிட்டது. ஒளிபரப்பை முதலிலிருந்து கடைசி வரை கேட்டோம், குரங்குச் சத்தம் போட்டார்கள் என்று பதினேழு சொல்வது போல் ஒன்றுமே இல்லை என்று கிளப் அறிக்கை விட்டது. தன் தப்பை மறைக்க ரசிகர்கள்மேல் பழி போடுகிறானாம். வியாழக்கிழமை விசாரணை. பொய் என்று முடிவானால் ஒப்பந்தம் ரத்து. ஒப்பந்தம் போனால் இந்த நாட்டில் தங்குகிற அனுமதியும் போச்சு, பதினைந்து நாளில் மூட்டை கட்ட வேண்டியதுதான்.

"நீ அங்கதானே இருந்தே?" என்று டீ ஆற்றிக்கொண்டே கேட்டார் சவுண்டுக்காரர்.

"இருந்தேன். வழக்கமான கூச்சல்தாங்க. பாவம், அவனே மனசுல என்னமோ நெனச்சுக்கிட்டான் போல" என்றாள் மனைவி.

அவருக்கு உறுத்தியது. குப்பை வந்தது அவருக்குத் தெரியாதா? இறக்கியதே அவர்தானே! டைரக்டருக்குப் போன் போட்டார். "நாம அனுப்பினதுல இல்ல. இல்லாதத இருக்குன்னு சொல்ல எனக்கென்ன பைத்தியமா? நீயும் வாயை மூடிக்கிட்டு இரு" என்றார் டைரக்டர்.

செவ்வாய்க்கிழமை காலையில் அவர் மைதானத்துக்குப் போனார். மேசைக்கு அடியில் ஒரு பதிவுப் பெட்டி உண்டு. எட்டு மைக்கின் சத்தமும் ஃபேடருக்கு வருவதற்கு முன்னாலேயே அதில் தனித்தனியாக விழுந்துவிடும். ஃபேடரை இறக்கினாலும் பெட்டியில் இருக்கும். அடுத்த ஆட்டம் வந்தால் பழையதன் மேல் புதியது பதிவாகிவிடும், அவ்வளவுதான். ஏதாவது பழுதென்றால் பார்ப்பதற்காக வைத்தது. அப்படி ஒன்று இருப்பதே மைதானத்தில் அவரைத் தவிர எல்லாருக்கும் மறந்துபோயிருந்தது.

நல்லது செய்யப் போகிறோம் என்கிற நினைப்பில் கொஞ்சம் உற்சாகமாகவே உட்கார்ந்தார். நாலாம் நம்பரைத் தட்டினார். முதலில் வந்தது, "என்னங்க, கேக்குதா? வரும்போது பால் வாங்க மறந்துடாதீங்க." சிரித்துக்கொண்டார். எழுபத்தோராம் நிமிஷத்துக்குத் தள்ளினார்.

ஒரு நொடி அமைதி. பிறகு மைக்குக்கு மிகப் பக்கத்தில் ஒரு பெண் குரல், ஒற்றையாக, அடிவயிற்றிலிருந்து, "ஊ... ஊ... ஊ..." என்றது. மூன்றாவது 'ஊ'வில் இன்னும் நாலைந்து பேர் சேர்ந்தார்கள். பிறகு வரிசையே சேர்ந்தது. "வந்த எடத்துக்கே ஓடுடா குரங்கே!" அதுவும் அதே பெண். கடைசியில் ஒரு சிரிப்பு, நடுவில் விக்கல் மாதிரி வெட்டி வெட்டி வரும் சிரிப்பு.

அவருக்குத் தூக்கிவாரிப் போட்டது. ஹெட்போனைக் கழற்றி மேசைமேல் வைத்தார். அதையே பார்த்தார். இருக்காது, பெண் குரல்கள் ஆயிரம் இருக்கும் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார். திரும்ப மாட்டிக்கொண்டு கேட்டார். பாலைப் பற்றிச் சொன்ன குரலைக் கேட்டார், எழுபத்தோராம் நிமிஷத்தைக் கேட்டார், மாற்றி மாற்றி ஏழு தடவை. இருமலை வைத்துச் சளியை அளக்கிற காது அல்லவா அது? தப்புக் கணக்கே போடாத அந்தக் காதை அன்றைக்குப் பிடுங்கி எறிய முடிந்தால் எறிந்திருப்பார். கல்யாணமாகிப் பதினோரு வருஷம், இந்த வாயிலிருந்து இப்படி ஒரு ஒலி வரும் என்று கனவில்கூட அவர் நினைத்ததில்லை.

மத்தியானம் அவள் வேலை முடிந்து வீட்டுக்கு வந்தாள். செருப்பைக் கழற்றும்போதே அவர் முகத்தைப் பார்த்துவிட்டு, "என்ன, பேயறைஞ்ச மாதிரி உக்காந்திருக்கீங்க?" என்றாள்.

"கேட்டேன்" என்றார்.

"எத?"

"எழுபத்தோராம் நிமிஷத்த. உன் குரல."

அவள் பையை நாற்காலியில் வைத்தாள். மறுத்துப் பேசுவாள் என்று எதிர்பார்த்தார். மறுத்திருந்தால் அவர் நம்பக்கூடத் தயார்.

"எல்லாரும் கத்துனாங்க, நானும் கத்துனேன்" என்றாள்.

"எல்லாரும் இல்லம்மா. நீதான் மொதல்ல. நீ ஆரம்பிச்சப்புறம்தான் மத்தவங்க."

"கோவம் வராதா பின்னே? கெலிக்க வேண்டிய ஆட்டம், சின்னப் புள்ளகூட அப்படித் தட்டாது. அந்த நேரத்துல என்ன வாயில வருதுன்னு பாத்துக்கிட்டா இருப்பாங்க? ஆட்டத்துல கத்துறது ஆட்டத்தோட போச்சு. நான் என்ன அவன் வீட்டு வாசல்லயா போய்க் கத்துனேன்?"

"நம்ம கோல்காரன்கூடப் போன மாசம் விட்டான். அவன 'முட்டாப் பயலே'ன்னுதானே கத்துனே? குரங்குன்னு கத்தலையே?"

அவள் மேல்துணியின் ஓரத்தை விரலில் சுற்றினாள், அவிழ்த்தாள். பிறகு கொஞ்சம் எரிச்சலோடு, ஏதோ இவர்தான் புரியாமல் பேசுகிற மாதிரி, "இப்ப எதுக்கு இவ்வளவு பெருசாக்குறீங்க? அது வெளியதான் போகலையே. போகாதுன்னு எங்களுக்குத் தெரியும்ல" என்றாள்.

"எங்களுக்கா?"

"வரிசையில எல்லாருக்கும் தெரியும். நான்தான் சொல்லியிருக்கேனே, எங்க வீட்டுக்காரர் ஒரு துளி வெளிய விடமாட்டார்னு. 'நீ ஆரம்பி, உன் ஆளு மேல பாத்துக்குவாரு'ன்னு கேலி பண்ணுவாங்க. ஒவ்வொரு தடவையும் நீங்க எறக்கிடுவீங்க. வீட்டுக்கு வந்து நீங்களேதானே பெருமையா சொல்வீங்க?"

ஒவ்வொரு தடவையும் என்றாளே! அப்படியானால் இது முதல் தடவை இல்லை. ஒன்பது வருஷமாக எத்தனை பையன்கள், எத்தனை ஆட்டம். குப்பையைத் தான் தடுப்பதாக அவர் நினைத்துக்கொண்டிருந்தார். அவர்களோ அவரை நம்பித்தான் கொட்டிக்கொண்டிருந்தார்கள்.

அவள் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். குரல் இறங்கிவிட்டது. "அந்தப் பெட்டியில இருக்கிறது சனிக்கிழமை ஆட்டத்துல தானா அழிஞ்சிடும்னு சொல்வீங்களே? விட்டுடுங்களேன்."

"வியாழக்கிழமை அவனை ஊரவிட்டே அனுப்பிடுவாங்க."

"சரி, குடுங்க. என் கொரல மட்டும் எடுத்துட்டுக் குடுங்க. உங்களுக்கு அது கைவந்த வேலைதானே?" கண் கலங்கியிருந்தாள், நடிப்பில்லை. "விஷயம் வெளிய வந்தா நாளைக்கு எவன் எங்கிட்டக் கைய நீட்டுவான்?"

"பதினேழு நீட்டினானேம்மா" என்றார் அவர்.

அவள் எழுந்து பையை எடுத்துக்கொண்டு உள்ளே போனாள்.

அவர் உத்தமர் என்று நினைத்துவிட வேண்டாம். புதன்கிழமை முழுக்க அந்த அறையில் உட்கார்ந்து, அவள் கேட்டதைத்தான் செய்து பார்த்தார். அவள்மேல் உயிரையே வைத்திருந்த மனுஷன், என்ன செய்வார்? அவள் குரலை வெட்டினார், தேய்த்தார், அமுக்கினார். அவள் போனதும் மிச்சம் இருந்தது வெறும் இரைச்சல். மற்றவர்கள் தூரத்தில் இருந்தார்கள், அவள்தான் மைக்கின் வாயில் இருந்தாள். அவள் குரலை எடுத்துவிட்டால் அது குரங்குச் சத்தமா, கடலிரைச்சலா என்று கடவுளே வந்தாலும் சொல்ல முடியாது. அவளைக் காப்பாற்றினால் பதினேழு பொய்யன், பதினேழைக் காப்பாற்றினால் அவள் போச்சு. நடுவில் சந்து இல்லை. சாயங்காலம், வெட்டியதை எல்லாம் அழித்துவிட்டு, பெட்டியில் இருந்ததை இருந்தபடியே ஒரு நகல் எடுத்துப் பையில் போட்டுக்கொண்டார்.

வியாழக்கிழமை காலை, மனைவி சமையலறையில் முதுகைக் காட்டிக்கொண்டு நின்றாள். "எடுத்துட்டுத்தான் போறீங்களா?" என்றாள். "ஆமா" என்றார். அவள் அழுதாளா என்று திரும்பிப் பார்க்கவில்லை. பார்த்திருந்தால் போயிருக்க மாட்டார்.

விசாரணை அறையில் நீள மேசை, தண்ணீர்க் கூஜா, சத்தம் போடும் மின்விசிறி. நடுவில் ஓய்வுபெற்ற நீதிபதி ஒருவர் தலைவராக உட்கார்ந்திருந்தார். ஒரு பக்கம் கிளப்பின் செயலாளர், எதிர்ப்பக்கம் பதினேழு. திரையில் மலை மாதிரித் தெரிகிறவன் நாற்காலியில் உட்கார்ந்தால் சின்னப் பையனாகத்தான் இருந்தான். சட்டை புதுசு, மடிப்பு கலையவில்லை.

சவுண்டுக்காரர் தான் யார், பெட்டி என்ன என்பதைச் சொல்லிவிட்டுப் பதிவைப் போட்டார். முதலிலிருந்தே போட்டார்.

"என்னங்க, கேக்குதா? வரும்போது பால் வாங்க மறந்துடாதீங்க."

செயலாளர் சிரித்துவிட்டார். எழுபத்தோராம் நிமிஷம் வந்தது. செயலாளரின் சிரிப்பு போன இடம் தெரியவில்லை. "வந்த எடத்துக்கே ஓடுடா" என்று வந்ததும் தலைவர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார். அந்த விக்கல் சிரிப்பு முடிகிற வரைக்கும் யாரும் அசையவில்லை. பதினேழு மட்டும் கண்ணை இறுக்கி மூடிக்கொண்டிருந்தான்.

"இந்தப் பொம்பளை..." என்றார் தலைவர் மெதுவாக. "ஆரம்பத்துல பால் வாங்கச் சொன்ன அதே குரல் மாதிரி இருக்கே? யாரு இவங்க, தெரியுமா?"

"என் மனைவிங்க" என்றார் சவுண்டுக்காரர்.

தலைவர் எழுதிக்கொண்டிருந்த பேனாவை வைத்துவிட்டார். கிளப் செயலாளர் வாயைத் திறந்து மூடினார். சவுண்டுக்காரருக்குப் பெரிய பாரத்தை இறக்கிய மாதிரி இருந்தது. சொல்ல வேண்டியதைச் சொல்லிவிட்டோம், இனி பையன் பிழைத்துக்கொள்வான், நன்றி சொல்வான் என்றுகூட ஒரு மூலையில் எதிர்பார்த்தார். வெட்கக்கேடுதான், ஆனால் எதிர்பார்த்தார்.

"நான் ஒண்ணு கேக்கலாமா?" என்றான் பதினேழு. தலைவர் தலையசைத்தார்.

"அன்னைக்கு எங்க அம்மா ஊர்ல டிவி பாத்துக்கிட்டு இருந்தாங்க. ராத்திரி போன்ல அழுதாங்க. 'எல்லாரும் உனக்குக் கை தட்டிக்கிட்டுத்தானே இருந்தாங்க, நான் கேட்டேனே! நீ ஏன்டா வெளிய போனே? ஏன் பொய் சொல்றே?'ன்னு கேட்டாங்க. நாலு நாளா எங்கூடப் பேசல." நிறுத்தி, வார்த்தையைத் தேடிக்கொண்டு கேட்டான். "அந்த மைக்குல கைதட்டலே இல்லையே, சார். எங்க அம்மா கேட்ட கைதட்டல் எங்கேர்ந்து வந்துச்சு?"

"ஆறாம் நம்பர்லேர்ந்து" என்றார் சவுண்டுக்காரர். "நான்தான் ஏத்தினேன்."

ஞாயிற்றுக்கிழமை அந்த வரிசையைப் பதினேழு எப்படிப் பார்த்தானோ, அதே மாதிரி அவரைப் பார்த்துக்கொண்டிருந்தான்.